தாய்முயல் வரும் நேரம்

ஈச்சந்தாங்கல்,
நகரி வழி, சித்தூர் ஜில்லா.
விகாரி வருஷம், ஐப்பசி மாதம்.

சிரஞ்சீவி அலமேலுவுக்கு அண்ணி தாட்சாயணி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணனும் உன் பிள்ளையும் மாடு கன்றோடு நன்றாக இருக்கிறோம். அங்கே உன் உடம்பும் உன் படிப்பும் எப்படி இருக்கின்றன என்று எழுது.

கடிதத்தின் தலைப்பில் உன்னை என்ன சொல்லி அழைப்பது என்று தெரியாமல் உன் அண்ணன் பேனாவைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சௌபாக்கியவதி என்று இனிமேல் போடக் கூடாதாம். வெறும் பெயரைப் போட்டால் மனசுக்கு ஒப்பவில்லையாம். பேனாவை இப்படிக் கொடுங்கள் என்று வாங்கி, சிரஞ்சீவி என்று நானே போட்டுவிட்டேன். நீண்ட காலம் இருக்க வேண்டும் என்று வாழ்த்துவதற்கு ஆண்பிள்ளையாகப் பிறந்திருக்க வேண்டுமா என்ன?

உன் கார்டு வந்து சேர்ந்தது. முதல் ஆறு மாதம் முடியும்வரை யாருக்கும் லீவு கிடையாது என்று மேட்ரன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதை எழுதியிருந்தாய். சரி, சட்டம் என்றால் சட்டம்தான். ஆனால் அதற்குக் கீழே, ‘பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேனே, நானெல்லாம் ஒரு தாயா அண்ணி’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய், பார். நீ எதிரில் இருந்திருந்தால் தலையில் ஒரு குட்டு வாங்கியிருப்பாய். சம்பத் மாப்பிள்ளை அந்தப் பாழும் காய்ச்சலில் போன பிறகு, இந்தப் பிள்ளையை யார் கையையும் எதிர்பார்க்காமல் வளர்க்க உனக்கு ஒரு வேலை வேண்டும் என்று நாம் மூன்று பேரும் உட்கார்ந்து பேசித்தானே உன்னை வேலூருக்கு நர்ஸ் படிப்புக்கு அனுப்பினோம்? ஹாஸ்டலில் பிள்ளையை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள் என்று தெரிந்துதானே நான் இடுப்பை நீட்டினேன்? அழுதுகொண்டு போனவள் அழுகையை நிறுத்திப் படிக்கிற வேலையைப் பார்.

ரமணன் கொழுகொழுவென்று இருக்கிறான். கேழ்வரகுக் களியை உருட்டிக் கொடுத்தால் துப்புகிறான், கீரை போட்டுக் கடைந்து கொடுத்தால் இன்னும் இன்னும் என்கிறான். கோழியைத் துரத்துகிறான், கோழி திரும்பினால் அலறிக்கொண்டு ஓடி வருகிறான். வீரம் அவ்வளவுதான். என்னை என்ன சொல்லிக் கூப்பிடுகிறான் என்று கேட்டிருந்தாய். அத்தை என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். நாக்கு இன்னும் சரியாகத் திரும்பவில்லை.

இப்போது ஒரு முயல் சமாசாரம் சொல்ல வேண்டும். உனக்காகவே பார்த்து வைத்திருக்கிறேன்.

மல்லாட்டை பிடுங்க ஆரம்பித்துவிட்டோம், வேர்க்கடலைக்கு இந்த வருஷம் நல்ல காய்ப்பு. மேட்டுக் கொல்லையில் ஆட்கள் செடி பிடுங்கிக்கொண்டு போனபோது, வரப்போரம் புல் அமுங்கிய ஒரு பள்ளத்தில் காட்டு முயல் குட்டி ஒன்று கிடந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆனால் உடம்பெல்லாம் மயிர், கண் நன்றாகத் திறந்திருக்கிறது, நெற்றியில் வெள்ளையாக ஒரு பொட்டு. பக்கத்தில் காலடி விழுந்தும் ஓடவில்லை, காதைக்கூட ஆட்டவில்லை. உன் அண்ணன் கண்ணில்தான் பட்டது. அவர் மனசுதான் உனக்குத் தெரியுமே. ‘பாவம், தாயி போட்டுட்டுப் பூட்சி, நரி தூக்கிக்கினு பூடும்’ என்று தலைப்பாகையை அவிழ்த்து அதில் சுற்றி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்.

ரமணனுக்குக் கொண்டாட்டம். அதன் நெற்றியைக் காட்டுவான், தன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பான். நான் பசும்பாலைத் திரியில் நனைத்து அதன் வாயில் வைத்தேன். வாயைத் திறக்கவே இல்லை. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பொன்னியம்மா வந்தாள். தெலுங்குக்காரர்கள் முயலைச் செவுல பில்லி, அதாவது காதுப் பூனை, என்கிறார்களே, அந்தப் பெயர் இதற்குத் தகாது என்றாள். பூனையாவது குட்டியை வாயில் கவ்விக்கொண்டு வீடு வீடாக அலையுமாம். முயலுக்கு வளை தோண்டவும் தெரியாது, கூடு கட்டவும் தெரியாது, வெட்டவெளியில் ஈன்று போட்டுவிட்டு வயிறு நிரப்பப் போய்விடும் என்றாள். அதோடு விட்டாளா? என் இடுப்பிலிருந்த பிள்ளையை ஒரு பார்வை பார்த்து, ‘முயல இன்னாத்துக்குச் சொல்றது, மனுசங்களே அப்படித்தான் கீறாங்க’ என்று முடித்தாள்.

எனக்கு உச்சந்தலைவரை ஏறிவிட்டது. அவளுக்கு ஒரு பதில் கண்டுபிடித்தே தீருவது என்று முடிவு செய்தேன். பொழுது இறங்குவதற்குள் குட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். மனிதக் கை பட்ட குட்டியைத் தாய் சேர்க்காது என்று ஆட்கள் சொன்னார்கள். சேர்க்கிறதா இல்லையா என்று பார்த்துவிடலாம் என்று பச்சைப் புல்லைக் கசக்கி அதன் முதுகில் தேய்த்து, எடுத்த பள்ளத்திலேயே வைத்தேன். பிறகு காற்று என் முகத்தில் அடிக்கிற பக்கமாகப் போய்ச் செடிப்போருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

சூரியன் மலைக்குப் பின்னால் போனது. ஆட்கள் போய்விட்டார்கள். முகம் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற நேரத்தில் மேட்டுப் பக்கமிருந்து தாய்முயல் வந்தது அலமேலு! பிடரியில் கறுப்புப் பட்டை, வாலின் மேல்பக்கமும் கறுப்பு. நேரே வரவில்லை. கொஞ்சம் வரும், நிற்கும், பின்னங்காலில் எழுந்து காதைத் திருப்பித் திருப்பிக் கேட்கும். அது வந்து நின்றதும் நம் குட்டி தானாக எழுந்து அதனிடம் போனது. ஆமணக்குச் செடிக்கு அடியிலிருந்து இன்னொரு குட்டியும் வந்தது. பகல் முழுதும் அத்தனை பேர் மிதித்துக்கொண்டு திரிந்த இடம் அது, அங்கே ஒன்று கிடந்தது ஒருவர் கண்ணிலும் படவில்லை. தாய் நிமிர்ந்து உட்கார்ந்தது, இரண்டும் அடியில் புகுந்து குடித்தன. ஒரு வெற்றிலை மெல்லும் நேரம்கூட இருக்காது. குடித்து முடித்ததும் குட்டிகளின் அடிவயிற்றை நக்கிச் சுத்தமாகத் துடைத்தது. பிறகு பக்கவாட்டில் ஒரே தாவாகத் தாவி, வந்த தடத்தை விட்டு விலகிப் போய்விட்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, சொன்னால் என்ன. மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும் போனேன். பைத்தியம் பிடித்துவிட்டதா என்று உன் அண்ணன் கேட்டார். ஏன் அது பகலில் பக்கத்தில் இருப்பதில்லை என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. நம் வீட்டு நாய்தான் சொல்லிக் கொடுத்தது. குட்டி கிடக்கிற பள்ளத்தை ஒட்டி மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு போயிற்று, கண்டுகொள்ளவே இல்லை. தாய் போன தடத்தை மட்டும் விடாமல் மோந்துகொண்டு ஓடியது. குட்டிக்கு வாசனை கிடையாது அலமேலு, வாசனையெல்லாம் தாய்க்குத்தான். பாசம் தாங்காமல் அது பக்கத்தில் படுத்துக்கொண்டால் நரியையும் கீரியையும் தானே கூட்டி வந்த மாதிரி ஆகும். குட்டிகளைத் தனித்தனியாக வைப்பதும் அதற்காகத்தான். தள்ளி இருந்துதான் அது காவல் காக்கிறது.

பொன்னியம்மாவைக் கையோடு இழுத்துக்கொண்டு போய் அங்கே உட்கார வைத்துக் காட்டினேன். வருகிற வழியெல்லாம் காலில் முள் குத்திவிட்டது என்று முனகினாளே தவிர, வாய் திறந்து ஒரு வார்த்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் மறுநாள் ரமணனுக்கு என்று வறுத்த மல்லாட்டை கொண்டுவந்து கொடுத்தாள்.

இன்னொரு செய்தி. உன்னைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, ஒளித்தால் பிறகு நீ என்னை நம்பமாட்டாய் என்பதால் சொல்கிறேன். உன் மாமனார் அரசங்குப்பத்திலிருந்து ஆள் அனுப்பியிருந்தார். அவர்கள் ஊர் இருக்கிற திருத்தணிப் பக்கமெல்லாம் வருகிற சித்திரைக்குள் மதராஸோடு சேர்கிறதாம், நாம் ஆந்திராவிலேயே இருப்போமாம். அதற்குள் பேரனை அனுப்பிவிட வேண்டுமாம். பெற்றவளே விட்டுவிட்டுப் போன பிள்ளை, அண்ணன் வீட்டில் எதற்கு என்று கேட்டு அனுப்பியிருக்கிறார். நேரில் வரச் சொல்லுங்கள், பேசிக்கொள்ளலாம் என்று சொல்லியனுப்பினேன். நீ கவலைப்படாதே, நான் இருக்கிறேன்.

உன் பழைய புடவை ஒன்றை அனுப்பி வை. துவைக்காமல் அனுப்பு.

இப்படிக்கு,
உன் பிள்ளையைச் சுமக்கிற அண்ணி,
தாட்சாயணி.


ஈச்சந்தாங்கல்,
மார்கழி மாதம்.

சிரஞ்சீவி அலமேலுவுக்கு அண்ணியின் ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சுகம். பனிதான் கொட்டுகிறது, பிள்ளைக்குச் சளி பிடிக்காமல் காதைக் கட்டி வைக்கிறேன்.

புடவை வந்தது. ஆசையாக ரமணன் முகத்தருகில் கொண்டுபோனேன். முகர்ந்து பார்த்து ஒரு தும்மல் தும்மினான். துவைக்காமல் அனுப்பு என்று சொன்னது உன் வாசனைக்காக அம்மா, ஆஸ்பத்திரி பினாயில் வாசனைக்காக இல்லை. இருந்தாலும் அதை மடித்துத்தான் அவனுக்குப் படுக்கையாகப் போடுகிறேன். இப்போது அது இல்லாமல் தூங்குவதில்லை.

உன் மாமனார் வந்தார். நம் ஊர்ப் பெரியவர் ஏழுமலையும் இன்னும் இரண்டு பேரும் கூட இருந்தார்கள். நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

கன்னையா மாமா வந்ததும் வராததுமாகப் பிள்ளையைத் தூக்கினார். அவன் அவருடைய மீசையைப் பிடித்து இழுத்தான். அவருக்கு முகமெல்லாம் பூரித்துப் போயிற்று. அப்புறம்தான் பேச்சை ஆரம்பித்தார். சித்திரைக்கு அப்புறம் பேரன் ஒரு ராஜ்யம், தாத்தா ஒரு ராஜ்யமாம். இங்கே அவனைத் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் போட்டுவிடுவார்களாம், தாத்தா பெயரைத் தமிழில் எழுதத் தெரியாமல் வளர்வானாம். உன் அண்ணன், கோடு போடுகிறவர்கள் காகிதத்தில் போட்டுவிட்டுப் போகிறார்கள், பஸ் ஏறினால் வந்து பார்த்துவிட்டுப் போகிற தூரம்தானே என்று நயமாகத்தான் சொன்னார். கேட்டால்தானே? ‘பெத்தவ ஒரு பக்கம் கீறா, புள்ள ஒரு பக்கம் கீறான். அஞ்சு மாசமா எட்டிப் பாக்காதவளுக்குப் புள்ள இன்னாத்துக்கு?’ என்று கேட்டார். ஏழுமலையும் தாடையைத் தடவிக்கொண்டு, அதுவும் நியாயமாகத்தான் இருக்கிறது என்று இழுத்தார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிறவரிடம் யார் என்ன பேச முடியும்?

ஆனால் அவர் நிஜமாகவே முயல் பிடிக்கிறவர் ஆயிற்றே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. காணும் பொங்கலன்று அரசங்குப்பத்துப் பாரிவேட்டைக்கு அவர்தானே வலை எடுத்துக்கொண்டு முன்னால் போகிறவர். சுற்றுவட்டாரத்தில் முயலைப் பற்றி அவருக்குத் தெரியாதது கிடையாது என்று நீதானே பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். நான் உள்ளேயிருந்து மோர் கொண்டுவந்து கொடுத்தேன். கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் வாசற்படியிலேயே நின்றுகொண்டு, எங்கள் மேட்டுக் கொல்லையில் முயல் நடமாட்டம் அதிகமாக இருக்கிறது மாமா, பிடிக்கத்தான் யாருக்கும் கை வரவில்லை என்று சும்மா ஒரு வார்த்தை போட்டேன்.

அவ்வளவுதான், மனுஷர் மடைதிறந்து கொட்டினார். முயலுக்குப் பின்னங்கால் நீளம், துரத்தினால் மேட்டைப் பார்த்துத்தான் ஓடும், அதனால் வலையை மேட்டில் கட்ட வேண்டும் என்றார். அதற்குக் கண் இரண்டு பக்கமும் இருப்பதால் பின்னால் வருகிறவன்கூடத் தெரிவான், மூக்குக்கு நேரே இருக்கிறவன்தான் தெரியமாட்டான் என்றார். பகலில் படுத்த இடத்திலேயே தன் புழுக்கையைத் தானே ஒருமுறை தின்றுவிடும், அதனால்தான் வெளியே தலைகாட்டாமல் நாள் முழுதும் கிடக்க முடிகிறது என்றார். ஏழுமலை முகத்தைச் சுளித்தார். நான் ஆவென்று கேட்டுக்கொண்டிருந்தேன், பாதி நடிப்பு, பாதி நிஜம்.

கடைசியில் கேட்டேன். கொல்லையில் குட்டி மட்டும் தனியாகக் கிடந்தால் என்ன செய்ய வேண்டும் மாமா, வீட்டுக்குத் தூக்கி வந்துவிடலாமா என்று. அவருக்குக் கோபமே வந்துவிட்டது. ‘ஐயே, தொடாத! குட்டி கீற எடத்துல அப்படியே உட்டுட்டுத் தள்ளிக் குந்திக்க. பொழுது சாஞ்சா தாயி வந்தே தீரும். மழ பேஞ்சாலும் வரும், நாயி கொலைச்சாலும் சுத்திக்கினு வரும். அப்படிக் குந்திக்கினு எத்தினி தாயி புடிச்சிருக்கேன் தெரியுமா?’ என்று மார்தட்டினார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான்.

நான் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னேன். தாய் வரும் என்று நம்பித்தானே மாமா நீங்கள் வலையைக் கட்டினீர்கள்? அது குட்டியைப் போட்டுவிட்டுப் போய்விட்டது என்று நினைத்திருந்தால் வலையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பீர்களே. முயலை நம்பி இருட்டும்வரை உட்கார்ந்தவர், உங்கள் மகன் தாலி கட்டிக் கூட்டிவந்தவளை நம்ப மாட்டீர்களா? எங்கள் அலமேலுவும் வயிற்றை நிரப்பப் போகவில்லை, இந்தப் பிள்ளைக்குப் பால் சுரக்கத்தான் போயிருக்கிறாள் என்றேன்.

ஏழுமலை துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். உன் அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் பாதி பயம், பாதி பெருமை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் உன் மாமனார் கத்தவில்லை. மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘எம்மவன் மூஞ்சி இவன் மூஞ்சியில கீதும்மா. அத்தப் பாக்காம எனக்குத் தூக்கம் வரல’ என்றார். அதைக் கேட்டதும் எனக்குள் இருந்த கோபமெல்லாம் இறங்கிவிட்டது அலமேலு. ஒரே மகனைப் பறிகொடுத்தவர். அவரை எதிரியாக நினைக்க என்னால் முடியவில்லை, நீயும் நினைக்காதே.

அப்புறம் அவர் ஒன்று கேட்டார். நீ சொன்னதெல்லாம் சரி, தாய்முயல் வந்து நின்றால் குட்டி தானாக எழுந்து போகும், யாரும் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டியதில்லை. இந்தப் பிள்ளை அப்படிப் போவானா என்று. தை கடைசி வெள்ளிக்கிழமை திருப்பதி மலையில் பிள்ளைக்கு முடி இறக்குவதாக இரண்டு குடும்பமும் வேண்டிக்கொண்டிருக்கிறோம் அல்லவா, அன்றைக்கே பார்த்துவிடலாம் என்றார். தாய்மாமன் மடியில் உட்கார்த்தி மொட்டை அடிக்கும்போது எந்தப் பிள்ளையும் வீறிட்டு அழும், இறக்கிவிட்டதும் தாயிடம் ஓடும். அவன் உன்னிடம் ஓடினால், நீ படித்து முடிக்கும்வரை இங்கேயே இருக்கட்டும், நான் வாசலில் வந்து பார்த்துவிட்டுப் போவதோடு சரி என்றார். ஓடாவிட்டால் மலையிலிருந்து நேரே அரசங்குப்பத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்றார். ஏழுமலை, இது நல்ல நியாயம் என்று எழுந்துவிட்டார். உன் அண்ணனும் தலையாட்டிவிட்டார். சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை கன்னையா மாமா, அது இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும்.

உன் ஆறு மாதம் தையில் முடிகிறது. இப்போதே மேட்ரனிடம் எழுதிக் கொடுத்துவிடு. ஒரு நாள் லீவு போதும். நீ முழுசாக ஒரு போட்டோ எடுத்து உடனே அனுப்பு. நர்ஸ் உடுப்பில் வேண்டாம், புடவையில் எடு.

கொல்லைக் குட்டிகள் பெரிதாகிப் புல் கடிக்கத் தொடங்கித் தனியாகப் போய்விட்டன. தாய் வருவதில்லை. வேலை முடிந்தது, போய்விட்டது. ஒருநாள் நெற்றிப்பொட்டுக்காரனை வரப்பில் பார்த்தேன், என்னைக் கண்டதும் ஓடிவிட்டான். பாலைத் திரியில் நனைத்துக் கொடுத்தேனே என்று கொஞ்சமாவது நன்றி வேண்டாமா?

தைரியமாக இரு. சாப்பிடு.

இப்படிக்கு,
அண்ணி தாட்சாயணி.


ஈச்சந்தாங்கல்,
தை மாதம், பொங்கல் கழிந்து.

சிரஞ்சீவி அலமேலுவுக்கு ஆசீர்வாதம். லீவு கிடைத்துவிட்டது என்ற உன் கார்டைப் படித்து மாட்டுக்குக்கூட இன்னொரு பிடி தீனி வைத்தேன். உன் அண்ணன் அதைப் பொன்னியம்மாவிடம் போய்ப் படித்துக் காட்டினார். அவளுக்கு இப்போது உன்மேல் திடீர்ப் பாசம்.

வழியைக் கவனமாகக் கேட்டுக்கொள். இங்கே வந்து எங்களோடு சேர்ந்து போக உனக்கு நேரம் போதாது. காட்பாடியில் ரயில் ஏறிச் சித்தூர், பாகாலா வழியாக நேரே திருப்பதிக்கே வந்துவிடு. பாகாலாவில் வண்டி வெகுநேரம் நிற்கும், இறங்கி எங்கேயும் போகாதே. உன் அண்ணன் பிள்ளையோடு முதல்நாளே திருப்பதி சத்திரத்துக்கு வந்து ஸ்டேஷனில் காத்திருப்பார். அன்று இரவு பிள்ளை உன்னோடு படுக்கட்டும். முதலில் முரண்டு பிடிப்பான், விடாதே, நீயாகப் போய்த் தூக்கவும் செய்யாதே. பக்கத்தில் உட்கார்ந்து உன் வேலையைப் பார்த்துக்கொண்டிரு, அவனே வந்து உன் வளையல் இல்லாத கையைத் தொட்டுப் பார்ப்பான். புடவையை உன் அண்ணன் கொண்டுவருவார், அதைப் போட்டுப் படுக்க வை. வலது பக்கமாகத்தான் தூங்குவான். தூக்கத்தில் காலை உதைத்துக்கொள்வான், பயப்படாதே, ஒன்றும் இல்லை, முதுகில் கையை வைத்தால் நின்றுவிடும்.

மலையில் நடக்கப் போவதையும் சொல்கிறேன். நல்ல காரியம், நீ முன்னால் நிற்கக் கூடாது என்று யாராவது பின்னால் தள்ளுவார்கள். உன் மாமியாரே சொல்லலாம். காதில் வாங்காதே. பெருமாளுக்கு எல்லோரும் பிள்ளைகள்தான். நாவிதர் கத்தியை எடுத்ததும் அவனுக்கு நேர் எதிரே வந்து நில். மூக்குக்கு நேரே இருப்பது முயலுக்குத்தான் தெரியாது, பிள்ளைக்குத் தெரியும். பின்னால் நின்றுகொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாயானால் எல்லாம் கெட்டுவிடும்.

இந்த ஒன்றரை மாதமாக நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். பொழுது சாய்கிற நேரத்தை உன் நேரம் என்று ஒதுக்கி வைத்துவிட்டேன். விளக்கு வைக்கும் முன் அவனைக் கூட்டிக்கொண்டு வாசலில் உட்காருவேன். உன் போட்டோவை அவன் கையில் கொடுப்பேன். நீ அவனைத் தங்கப்பொட்டு என்று கூப்பிடுவாயே, அந்தப் பெயரை அந்த நேரத்தில் மட்டும்தான் சொல்வேன். மற்ற நேரத்தில் இந்த வீட்டில் யாரும் அப்படிக் கூப்பிடக் கூடாது. வாய் தவறிக் கூப்பிட்டதற்கு உன் அண்ணனை ஒருநாள் விரட்டினேன் பார், கோழி தோற்றது! இப்போது தங்கப்பொட்டு என்றால் போதும், எங்கே இருந்தாலும் வாசலுக்கு ஓடி வந்து தெருவைப் பார்க்கிறான். அம்மா எங்கே என்றால் போட்டோவைத் தொடுகிறான்.

போன கடிதங்களில் ஒன்றை மழுப்பிவிட்டேன், இப்போது சொல்லியாக வேண்டும். அவனுடைய நாக்கு எப்போதோ திரும்பிவிட்டது. அத்தை என்று அழகாகச் சொல்வான், நான் சொல்லச் சொன்னால். ஆனால் விழுந்து அடிபட்டால், கோழி துரத்தினால், தூக்கத்தில் பயந்தால், அவன் வாயில் என்னைப் பார்த்து வருவது அத்தை இல்லை. நான் திருத்தாமல் இருந்ததில்லை. ஒவ்வொரு முறையும் திருத்தியிருக்கிறேன். பிள்ளைதானே, அழுகிறபோது யார் பாடம் படிக்கிறார்கள்?

அதனால்தான் சொல்கிறேன். மலைக்கு நான் வரவில்லை.

இதைப் படித்துவிட்டு உடனே கார்டு எழுதி என்னோடு சண்டைக்கு வராதே. யோசித்துப் பார். மொட்டை அடித்து இறக்கிவிட்டதும் அவன் கண்ணீரோடு கூட்டத்தில் தேடுவான். நான் ஒரு மூலையில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றாலும் கண்டுபிடித்துவிடுவான். என் வாசனை அவனுக்குத் தெரியும். பக்கத்தில் நான் இருந்தால் பிள்ளை அரசங்குப்பத்துக்குப் போய்விடும், தள்ளி இருந்தால் உனக்கு நிலைக்கும். கணக்கு இவ்வளவுதான். உன் அண்ணனிடம் மாடு கன்று போடுகிற நாள், வீட்டில் ஆள் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அவர் மாட்டின் வயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிவப்பி சினை பிடித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை என்பது அவருக்குத் தெரியாதா?

மலையில் எனக்கும் தொட்டில் கட்டுகிற ஒரு பழைய வேண்டுதல் இருப்பது உனக்குத் தெரியும். அது இன்னொரு சமயம் ஆகட்டும், சுவாமி எங்கேயும் போய்விடமாட்டார்.

ஒன்றும் தவறாக நடக்காது, எனக்கு நம்பிக்கை இருக்கிறது. கன்னையா மாமாவும் உள்ளுக்குள் அவன் உன்னிடம் ஓட வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டிருப்பார் என்று எனக்கு ஒரு எண்ணம். இருட்டும்வரை தாய்க்காகக் காத்திருந்து பழகிய மனுஷர். காரியம் முடிந்ததும் பிள்ளையைக் கொஞ்ச நேரம் அவர் மடியில் உட்கார வை, அவர் கேட்காமலே வை.

மொட்டைத் தலைக்குச் சந்தனம் பூசும்போது காதுக்குப் பின்னாலும் பூசு, அங்கே அவனுக்கு வேர்க்குரு இருக்கிறது. வெந்நீர் சூடு பார்த்து ஊற்று. லட்டை முழுசாகக் கையில் கொடுத்துவிடாதே, தொண்டையில் அடைக்கும்.

வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு வேங்கடமலை இருக்கிற திக்கைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். அவன் உன்னைப் பார்த்து ஓடி வரவேண்டும் என்றுதான் கும்பிடுவேன், வேறு எதையும் நினைக்கமாட்டேன். பெருமாள் உன்னையும் பிள்ளையையும் நூறு வயசு வைத்திருக்கட்டும். மலையை விட்டு இறங்கியதும், மறக்காமல் எனக்கு ஒரு கார்டு போடு. ஓடி வந்தான் என்று மட்டும் எழுது. எவ்வளவு வேகமாக ஓடி வந்தான் என்று எழுதாதே.

இப்படிக்கு,
ரமணனின் அத்தை,
தாட்சாயணி.